கட்டிலும் கதிரையும்: ரொனி ஜட்டின் ‘இரவு’ பற்றிய ஒரு வாசிப்பு

1

ரொனி ஜட்டின் ‘இரவு’ என்ற கட்டுரையை நாம் தாமதமாகவே வாசித்தோம். 2010 ஜனவரியில் ‘நியூயோர்க் ரிவியூ ஒஃப் புக்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை அது. அதே ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி அவர் இறந்தார். அக்கட்டுரையும், அதைத் தொடர்ந்து அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஏனைய நினைவுக் கட்டுரைகளும் சேர்ந்து நவம்பரில் ‘த மெமரி ஷாலே’ என்ற நூலாயின. ‘ஷாலே’ என்பது சுவிஸ் மலையூர்களில் காணப்படும் மரவீடு. ‘ஞாபகத்தின் மலைவீடு’ என்று அந்நூலை நாம் எமக்குள் அழைத்துக்கொள்கிறோம்.

எமது வாசிப்பு வட்டம் சிறியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவரது வீட்டில் தேநீருடனும் ரோல்சுடனும் கூடுகிறோம். எட்டுப் பேர் வந்தால் அது பெரிய கூட்டம். எட்டுப் பேரில் ஐவர் வைத்தியசாலைகளிலோ முதியோர் இல்லங்களிலோ வேலை செய்கிறோம், அல்லது செய்து ஓய்ந்தவர்கள். வழக்கமாக எம்மவர் எழுத்துக்களையே வாசிக்கும் நாம், இம்முறை இதை எடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. கட்டுரை குறுகியது. எழுதியவர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெயர்ந்த யூதக் குடும்பங்களின் வழிவந்தவர். 1948இல் லண்டனில் பிறந்தவர். 1942இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்ட தகப்பனாரின் மைத்துனி ஒருத்தியின் பெயரைத் தமது பெயராகச் சுமந்தவர். இளவயதில் தமது இனத்தின் தேசியக் கனவில் முழுமூச்சாக இறங்கி, 1967 யுத்தத்தின்பின் அதிலிருந்து விலகி, பிற்காலத்தில் அதைப் பகிரங்கமாக விமர்சித்ததற்காகச் சொந்தச் சமூகத்திடமே ஏச்சு வாங்கியவர். இப்படி ஒருவரை எமக்கு அந்நியராகக் கருத முடியவில்லை.

ஆங்கிலம் நன்கு தெரிந்த நண்பர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். முடிந்தபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வழக்கம்போலப் பேசத் தொடங்கினோம்: உடல் ஒரு சிறை, ஞாபகம் ஒரு வீடு, அகதியின் நிலையும் இதுதானே, என்றெல்லாம். அப்போது, முதியோர் இல்லமொன்றில் பதினெட்டு வருடங்களாக இரவு வேலை செய்யும் அக்கா கேட்டார்:

“அந்த மனுசன் ஏன் கூப்பிடாமக் கிடக்கிறார்? கூப்பிடலாம்தானே. அதுக்குத்தானே நாங்கள் முழிச்சுக்கொண்டு இருக்கிறம்?”

எமது பேச்சு நின்றுபோனது. நாமெல்லோரும் அக்கட்டுரையைக் கட்டிலில் கிடப்பவரின் இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர்தான் கட்டிலுக்கு அருகே போட்டிருக்கும் கதிரையிலிருந்து கேட்டிருக்கிறார். இந்த விமர்சனம் அந்தக் கேள்விக்குக் கடன்பட்டது.

2

முதலில் நோயைப் பற்றி. 2008 செப்டெம்பரில் ஜட்டுக்குக் கண்டறியப்பட்டது ஏ.எல்.எஸ். என்ற நோய். பிரித்தானியாவில் இதை மோட்டோர் நியூரோன் நோய் என்கிறார்கள். அமெரிக்காவில், 1941இல் தமது 37ஆவது வயதில் இதனால் இறந்த பேஸ்போல் வீரர் லூ கெரிக்கின் பெயரால் அறியப்படுகிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ 1869இல் இதைத் தெளிவாக விவரித்தார். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. கட்டளை வராத தசை மெலிந்து, துடித்து, பின் ஓய்ந்துவிடுகிறது. சிலருக்கு விரலில் தொடங்கும், சிலருக்குக் காலில், சிலருக்கு நாக்கில். எங்கு தொடங்கினாலும் கடைசியில் விழுங்கும் தசைகளுக்கும் மூச்சுத் தசைகளுக்கும் அது வந்து சேரும். பெரும்பாலானோர் முதல் அறிகுறி தோன்றி இரண்டிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தொடு உணர்வு போவதில்லை. கண்ணசைவு பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். ஒரு பகுதியினருக்குச் சிந்தனையும் பாதிக்கப்படுவதுண்டு என்று இன்று அறிகிறோம். ஆனால் ஜட்டைப் போன்ற பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். அதாவது, நுளம்பு வந்து கன்னத்தில் இருப்பது தெரியும். அது குத்துவதும் தெரியும். கையை உயர்த்த முடியாது.

மருந்து என்று சொல்ல அதிகமில்லை. 1995இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரிலுசோல் சில மாதங்களைக் கூட்டித் தருகிறது. குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிழையால் நோய் வந்த சிறு தொகையினருக்கென 2023இல் டொஃபெர்சென் என்ற மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்றும் மருத்துவத்தின் பெரும்பகுதி பராமரிப்புத்தான்: மூச்சுக்கு ஒரு கருவி, உணவுக்கு ஒரு குழாய், திருப்பிப் படுக்க வைக்க இரண்டு கைகள்.

இதை விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எமது புகலிட எழுத்தில் முடங்கிய கால்களும் ஊமையான நாக்குகளும் நிறையவே உள்ளன. அகதி முகாமில் இருப்பவன் கை கால் விழுந்தவன், மொழி தெரியாதவன் ஊமை, நாடில்லாதவன் முண்டம். இவை எழுதியவரின் வேதனையிலிருந்து வந்தவை என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. எனினும் நோயுற்ற உடலை நாம் எவ்வளவு சுலபமாக எடுத்துப் பாவித்திருக்கிறோம் என்பதை யோசிக்கவேண்டும். சூசன் சொன்ராக் 1978இல் நோயும் உருவகமும் பற்றி எழுதிய நூலில் இந்தப் பழக்கத்தைத்தான் கண்டித்தார். காசநோயையும் புற்றுநோயையும் வேறெதற்கோ அடையாளமாக்கும்போது, நோயாளியின் உடல்மீது நாம் இன்னொரு சுமையை ஏற்றுகிறோம் என்பது அவரது வாதம்.

ஜட்டும் உவமைகளை விலக்கவில்லை. சிறை வருகிறது, பதம்பண்ணிச் சுற்றிய உடல் வருகிறது, காஃப்காவின் பூச்சி வருகிறது. ஆனால் திசையைக் கவனியுங்கள். அவர் உலகிலுள்ள பொருட்களை எடுத்து நோயை விளக்குகிறார். நாமோ நோயை எடுத்து வேறெதையோ விளக்குகிறோம். முன்னதில் நோய் மேலும் துலக்கமாகிறது. பின்னதில் நோயாளி காணாமற் போகிறார்.

நூலில் ‘சொற்கள்’ என்று ஒரு கட்டுரை உண்டு. மனத்தில் சொற்கள் முன்புபோலவே ஒழுங்காக உருவாகின்றன, நாக்கும் உதடும்தான் கைவிடுகின்றன என்று அதில் சொல்கிறார். இதைக் கேட்டவுடன் எம்மில் பலருக்கு எமது முதல் வருடங்கள் ஞாபகம் வந்தன. தமிழில் எல்லாம் சிந்தித்து, டொச்சில் மூன்று வயதுப் பிள்ளையைப்போல் பேசி, வெளிநாட்டவர் பொலிசின் மேசை முன் தலை குனிந்து நின்ற நாட்கள். ஒப்பீடு இனிமையாகத்தான் இருந்தது. அக்கா எழுப்பிய கேள்வியின்பின் அதை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நாம் டொச் படித்தோம், வகுப்புக்குப் போனோம், பிள்ளைகள் திருத்தினார்கள், இன்று வாடகை வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கிறோம். ஜட்டுக்கு அப்படியொரு நாளை இல்லை. அவருக்கு ஒவ்வொரு கிழமையும் முந்திய கிழமையைவிடக் குறைவு. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு வரும் எந்த ஒற்றுமையும் எமக்கு வேண்டாம்.

3

‘இரவு’ ஓர் ஒழுங்குமுறையின் விவரணை. பகலில் யாராவது அருகே இருப்பார்கள். கை இடம் மாற வேண்டும், மூக்கைச் சொறிய வேண்டும் என்றால் கேட்கலாம். இரவானதும் அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுகிறார்கள். ஏறக்குறைய நிமிர்ந்த நிலையில் இருத்தி, மடித்த துவாய்களாலும் தலையணைகளாலும் அண்டை கொடுக்கிறார்கள். உட்புறமாக விழும் இடது காலை, பலே ஆடுபவரின் கால்போல, வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். கைகளைப் போர்வைக்கு மேலே வைக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை சொறிந்துவிடுகிறார்கள். மூச்சுக்கருவி பூட்டப்படுகிறது. மூக்குக்கண்ணாடி கழற்றப்படுகிறது. அதன்பின் விடியும்வரை அவரும் அவருடைய எண்ணங்களும் மட்டும்.

இந்த வரிசையில் ஒரு பெருமூச்சுக்கூட இல்லை. ஒரு வரலாற்றாசிரியர் ஆவணக்காப்பகத்தில் கண்ட தாள்களை வரிசைப்படுத்துவதுபோல் தமது உடலை வரிசைப்படுத்துகிறார். நோயைப் பற்றிய எழுத்தில் நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் இரண்டு விடயங்களை அவர் தர மறுக்கிறார். ஒன்று அழுகை. மற்றது பாடம்.

இரண்டாவது மறுப்பு எளிதானதல்ல. அதே நோயால் 1995இல் இறந்த அமெரிக்கப் பேராசிரியர் மொறி ஷ்வார்ட்ஸ் பற்றி, அவரது முன்னாள் மாணவர் மிச் அல்பொம் 1997இல் எழுதிய ‘ரியூஸ்டேஸ் வித் மொறி’ உலகமெங்கும் விற்றது. ஒவ்வொரு செவ்வாயும் மாணவர் போகிறார்; ஆசான் அன்பு, மன்னிப்பு, மரணம் என்று ஒவ்வொரு தலைப்பில் அறிவுரை தருகிறார். அந்த நூலை நாம் ஏளனம் செய்யவில்லை. ஷ்வார்ட்ஸின் கனிவு உண்மையானது. எனினும் அங்கே நோயாளியின் வேலை, சுகமாக இருப்பவர்களுக்கு வாழக் கற்பிப்பது. தசைகள் ஓய ஓய வசனங்கள் மேலும் பொன்மொழியாகின்றன. வாசகர் புத்தகத்தை மூடும்போது சற்று நல்லவராக உணர்கிறார். நோயாளி அதற்கு எரிபொருளாகிறார்.

ஜட் இதை நன்கு அறிந்திருந்தார். 2009 ஒக்ரோபரில், நியூயோர்க் பல்கலைக்கழகத்தில், சக்கர நாற்காலியில் மூச்சுக்கருவியோடு வந்து அவர் நிகழ்த்திய உரை சமூக ஜனநாயகம் பற்றியது. நோயைப் பற்றிப் பேசினால் கேட்பவர்க்கு ஊக்கமாக இருக்கும் என்று சில நண்பர்கள் நினைத்ததாகவும், தாம் ஆங்கிலேயர் என்பதால் ஊக்கமூட்டும் பேச்சு தமக்கு வராது என்றும் தொடக்கத்தில் பகிடியாகச் சொல்லிவிட்டு விடயத்துக்குப் போனார். ‘இரவு’ கட்டுரையிலும் இழப்புக்கு ஈடாக ஏதோ கிடைக்கிறது என்ற ஆறுதலை அவர் ஏற்பதில்லை. இழந்தது இழந்ததுதான் என்பது அவர் நிலை. இந்த நேர்மைதான் கட்டுரையை உயர்த்துகிறது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஆறுதல் சொல்லிச் சொல்லியே எமது இழப்புகளை மூடிவைத்திருக்கும் எமக்கு, இது பழக்கப்படாத குரல்.

4

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். ஜட்டின் கட்டிலருகே ஓர் ஒலிக்கருவி இருக்கிறது. பச்சைக் குழந்தை அழுதால் மற்ற அறையில் கேட்பதற்காகத் தொட்டிலருகே வைப்பார்களே, அது. கூப்பிட்டால் ஆள் வரும். நோயின் ஆரம்ப நாட்களில் கூப்பிடும் ஆவலை அடக்குவது மிகக் கடினமாக இருந்தது என்கிறார். பிறகு அடக்கக் கற்றுக்கொள்கிறார். எங்கோ கடிக்கும், கூப்பிடுவதில்லை. மனத்தை வேறெங்காவது கொண்டுபோகிறார். சிறுவயதில் போன இடங்கள், பஸ் பாதைகள், சாப்பாடுகள், ஆசிரியர்கள் என்று கதைகளைக் கோர்க்கிறார். காலையில் மறந்துவிடாமலிருக்க, பழைய ஞாபகக் கலைஞர்கள் மனத்துக்குள் மாளிகை கட்டி ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு விடயத்தை வைத்ததுபோல், 1950களில் பெற்றோருடன் தங்கிய ஷெசியேர் என்ற சுவிஸ் கிராமத்து விடுதியின் அறைகளில் அவற்றை அடுக்கிவைக்கிறார். பகலில் ஒவ்வொன்றாக எடுத்து, எழுதுபவருக்குச் சொல்கிறார். முழு நூலும் இப்படிப் பிறந்தது.

ஆக, கூப்பிடாமல் கிடந்ததுதான் நூலின் மூலதனம். நாம் எல்லோரும் இதை வியந்தோம். அக்கா வியக்கவில்லை. அவர் சொன்னதை இயன்றவரை அவரது சொற்களிலேயே தருகிறோம்:

“எங்கட இடத்திலயும் இதே வருத்தத்தோட ஒரு மனுசன் இருந்தவர். கண்ணாலதான் கதை. கண்ணாடி மாதிரி ஒரு மட்டையில எழுத்து இருக்கும். அவர் பாக்கிற எழுத்தை நாங்கள் சொல்ல வேணும். மூக்கு நுனி கடிக்குது எண்டுறதைச் சொல்லக் கால்மணித்தியாலம் போகும். பிறகு நான் பழகிட்டன். போன உடன நானே கேப்பன்: மூக்கோ, காதோ, முதுகோ? கண்ணை மேல உயர்த்தினா ஓம். ஒரு நிமிசம்தான் வேலை. அந்த ஒரு நிமிசத்துக்குப் பிறகு அவற்றை முகத்தைப் பாக்கவேணும்.”

சற்று நிறுத்திவிட்டு மேலும் சொன்னார்: “ஆனா ஒண்டு. ஒரு மாடிக்கு இரவில நான் ஒருத்தி. ஒரே நேரத்தில நாலு அறையில மணி அடிக்கும். சில நாள், அவற்றை அறை மணி கேட்டும் கடைசியாத்தான் போயிருக்கிறன். அவர் சாகமாட்டார், பொறுப்பார் எண்டு தெரியும். கொஞ்ச நாளில அவர் கூப்பிடுறதைக் குறைச்சிட்டார். நான் அதை நல்லதெண்டு நினைச்சன்.”

இந்த இரண்டாவது பகுதி எமது வாசிப்பை முற்றாக மாற்றியது. கூப்பிடாமை மனவலிமை மட்டுமல்ல. கூப்பிட்டால் வருபவரின் களைப்பையும் நோயாளி அளந்து வைத்திருக்கிறார். தான் தொந்தரவு என்ற எண்ணம் அவருக்குள் எங்கிருந்தோ முளைப்பதில்லை; கதவருகே வந்து நிற்கும் முகத்தில் அதை வாசிக்கிறார். ஜட்டின் வீட்டில் எவரும் அப்படி முகம் சுளித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. நூலில் அதற்கு எந்த அறிகுறியும் இல்லை. சொல்ல வருவது வேறு. சுதந்திரமான, எவர் கையையும் எதிர்பாராத மனம் என்ற இலட்சியத்தை அவர் வாழ்நாள் முழுவதும் பேணியவர். உடல் அதை முழுதாகப் பொய்யாக்கிய பின்னும், இரவில் அதைக் காப்பாற்றப் பார்க்கிறார். அந்த முயற்சி கம்பீரமானது. அதே வேளை, அது அறையிலிருந்து இன்னொரு மனிதரை வெளியேற்றிவிடுகிறது. ஒலிக்கருவியின் மறுமுனையில் விழித்திருப்பவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தவர்? அவருக்கும் ஓர் இரவு இருக்கிறதல்லவா? கட்டுரை அங்கே போவதில்லை.

காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையை ஜட் தாமே எடுத்து வருகிறார். பூச்சியாக மாறியவனின் உணர்வுகளுக்குச் சமமாக, அவனைப் புரிந்துகொள்ள முடியாத குடும்பத்தைப் பற்றியதும்தான் அக்கதை என்கிறார். எவ்வளவு அன்புள்ள உறவினருக்கும் இந்தத் தனிமை புரியாது என்ற முடிவுக்கு அதை இட்டுச்செல்கிறார். நுட்பமான வாசிப்பு. ஆனால் அக்கதையில் குடும்பத்துக்கு வெளியே ஒருத்தி இருக்கிறாள்: வீட்டைத் துப்புரவு செய்ய வரும் கிழவி. கிரெகோரைக் கண்டு அவள் பயப்படுவதில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள், முரட்டுத்தனமாக என்றாலும் அவனோடு பேசுகிறாள். அவன் இறந்ததை முதலில் காண்பவளும், உடலை அப்புறப்படுத்துபவளும் அவளே. அவளுக்குப் பெயர் இல்லை. கதை முடியுமுன் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதாகத் தகப்பன் முடிவெடுக்கிறார். ஜட் அவளைக் குறிப்பிடவில்லை. அக்காவோடு இருந்து வாசித்திராவிட்டால் நாமும் அவளை நினைத்திருக்க மாட்டோம்.

5

ஜட்டின் நூல் சுவிசிலேயே தொடங்கி சுவிசிலேயே முடிகிறது. கடைசிக் கட்டுரையில், மோட்டார் வண்டிகள் போகாத மூரென் என்ற மலையூருக்குத் திரும்புகிறார். அங்கு ஓடும் சின்னஞ்சிறு ரயிலில் முடிவற்றுப் பயணிப்பதாகத் தம்மைக் கற்பனை செய்துகொண்டு விடைபெறுகிறார். ஒவ்வொரு அசைவையும் இழந்த மனிதர், தன்பாட்டில் ஓடும் ரயிலை விரும்புவது மனத்தைத் தொடுகிறது.

அதே பேர்ண் மலைப்பகுதியின் விடுதியொன்றில், 1980களின் நடுப்பகுதியில், கோப்பை கழுவியவர் எமது வட்டத்தில் இருக்கிறார். அவருக்கும் அந்த மலை ஞாபகத்தில் உண்டு. சமையலறையின் பின்பக்கக் கதவால், குப்பை கொட்டப் போகும்போது பார்த்த மலை அது. ஜட் அந்த நாட்டுக்குள் விருந்தினராக முன்வாசலால் நுழைந்தார். நாம் பின்வாசலால் நுழைந்தோம். இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. 1950களின் பிள்ளை அவர், யுத்தத்துக்குப் பிந்திய சிக்கனத்தில் வளர்ந்தவர், தகப்பனார் பணக்காரரல்ல. ஆனாலும் ஒரே வீட்டைப் பற்றிய இரண்டு ஞாபகங்கள் சேர்ந்தால்தான் அந்த வீடு முழுதாகும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதை எமக்கு விளங்கப்படுத்தக்கூடிய நூலையும் ஜட்டே, அதே கட்டிலிலிருந்து தந்திருக்கிறார். மேலே சொன்ன 2009 உரை வளர்ந்து, 2010இல் ‘இல் ஃபெயார்ஸ் த லாண்ட்’ என்ற நூலாயிற்று. முப்பது வருடங்களாக மேற்குலகம் எதையும் அதன் விலையால் மட்டும் மதிக்கப் பழகிவிட்டது, பொதுவில் பகிரவேண்டிய பொறுப்புகளைத் தனியாரிடம் தள்ளிவிட்டது என்று அது வாதிடுகிறது. அவர் பிறந்த 1948ஆம் ஆண்டில்தான் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையும் பிறந்தது. அந்த அரசு வளர்த்த பிள்ளை தாம் என்பதை அவர் மறக்கவில்லை.

அந்தச் சேவையால் இதே நோயோடு வாழ்ந்த இன்னொருவர் ஸ்ரீபன் ஹோக்கிங். 1963இல், 21 வயதில், இரண்டு வருடங்கள்தான் என்றார்கள். அரிதாக மெல்ல நகர்ந்த அவரது நோய் 2018 மார்ச் வரை, 76 வயதுவரை, அவரை விட்டுவைத்தது. 2009இல் அமெரிக்காவில் மருத்துவச் சீர்திருத்தம் பற்றிய சண்டை நடந்தபோது, ஹோக்கிங் போன்றவர் பிரித்தானியாவில் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதி, அவர் பிரித்தானியர் என்பதே தெரியாமல் அவமானப்பட்டது. தாம் உயிரோடிருப்பதற்கு அந்தப் பொதுச் சேவையே காரணம் என்று ஹோக்கிங் பதில் சொன்னார். ஹோக்கிங்கின் மேதைமையைப் பேசுவோர் பலர். இருபத்துநான்கு மணிநேரமும் முறைமாற்றி நின்ற தாதிகளைப் பேசுவோர் சிலர். அவரது முதல் மனைவி ஜேன், பராமரிப்பின் களைப்பையும் கோபத்தையும் ஒளிக்காமல் எழுதிய நினைவு நூலின் திருத்திய பதிப்பு 2007இல் வந்தது. 2014இல் அதிலிருந்து திரைப்படமும் எடுத்தார்கள். ஜட்டின் மனைவி ஜெனிஃபர் ஹோமன்ஸ், பலே நடனத்தின் வரலாற்றாசிரியர், 2012இல் தமது கணவரின் கடைசிக் காலம் பற்றி எழுதினார். மனைவியர் எழுதியிருக்கிறார்கள். கூலிக்கு நின்றவர்கள் எழுதியது மிகக் குறைவு.

‘இரவு’ கட்டுரையையும் இந்த அரசியல் நூலையும் அருகருகே வைத்து வாசிக்கவேண்டும் என்பதே எமது விமர்சனத்தின் மையம். ஒன்றில் ஜட், எவரையும் கூப்பிடாமல் இரவைக் கடக்கும் தனிமனிதர். மற்றதில், மனிதர் ஒருவரை ஒருவர் கூப்பிடக்கூடிய சமுதாயம் வேண்டும் என்று வாதிடுபவர். இரண்டையும் ஒரே கட்டிலில் கிடந்துதான் சொன்னார். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் கதவை அவர் திறக்கவில்லை. அந்தக் கதவு எதுவென்று அக்காவின் மாடி சொல்கிறது. ஒரு மாடிக்கு ஒருத்தி என்று ஒரு நிர்வாகம் கணக்குப் போடும்போது, நோயாளி கூப்பிடாமல் கிடக்கக் கற்றுக்கொள்கிறார். அதை நாம் பொறுமை என்று பாராட்டுகிறோம். இரண்டு பேர் இருந்தால் அவர் கூப்பிட்டிருப்பார். தசை ஓய்வது நோயின் வேலை. மூக்கு நுனி கால்மணித்தியாலம் கடிப்பது நோயின் வேலை அல்ல.

6

கடைசியாக எம்மைப் பற்றி. புகலிட இலக்கியம் என்று நாம் பெருமைப்படும் எழுத்தில் பனி இருக்கிறது, விசா இருக்கிறது, கோப்பை கழுவும் கைகள் இருக்கின்றன, இயக்கங்களும் துரோகங்களும் இருக்கின்றன. இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் கோப்பை கழுவிய தலைமுறையின் பக்கத்திலேயே இன்னொரு தலைமுறை, பெரும்பாலும் பெண்கள், ஐரோப்பிய முதுமையின் படுக்கைகளைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இன்றிரவும் அவர்கள் விழித்திருக்கிறார்கள். ஊரில் தாயின் கடைசி நாட்களில் அருகே இருக்கக் கிடைக்காதவர்கள், இங்கே பிறர் தாய்மாரின் கடைசி நாட்களில் அருகே இருக்கிறார்கள். இந்த அறைகள் எமது எழுத்தில் அபூர்வமாகவே வருகின்றன. மலம் அள்ளும் வேலை என்ற கூச்சமும், அதற்குப் பின்னால் நாம் கப்பலேற்றிக் கொண்டுவந்த சாதியின் அருவருப்பும் இதற்குக் காரணமல்ல என்று யாரும் சொல்லவேண்டாம். ‘அவ ஆஸ்பத்திரியில வேலை’ என்று ஊருக்குச் சொல்லி, என்ன வேலை என்பதை விழுங்கிவிடும் குடும்பங்கள் எத்தனை!

ஜட் தமது பக்கத்தை எழுதிவிட்டார். மனத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தசைகள் அனைத்தும் போன நிலையில், இரவில் அடுக்கிப் பகலில் சொல்லி, ஒரு சொல்லையும் வீணாக்காமல் எழுதினார். எமக்கோ கையும் நாக்கும் சரியாகவே இருக்கின்றன. கதிரையின் பக்கத்தை எழுத என்ன தடை?

அக்காவிடம் இதைக் கேட்டோம். தனக்கு எழுத வராது என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் தான் எழுதுவதுதானே என்றார். பராமரிப்புக் குறிப்பு: இரண்டு பத்துக்கு வலப்பக்கம் திருப்பியது, நான்கு மணிக்குத் தண்ணீர் கொடுத்தது, ஐந்தேகாலுக்குச் சளி இழுத்தது. எல்லாம் டொச்சில். பதினெட்டு வருடங்களாக, கிழமைக்கு நாலு இரவு. அந்த மனிதர் இறந்த இரவிலும் எழுதியிருக்கிறார்: மூன்று ஐம்பதுக்கு மூச்சு நின்றது, மருத்துவருக்கு அறிவிக்கப்பட்டது.

“மூண்டரைக்கு அவருக்கு மூக்குச் சொறிஞ்சு விட்டனான்,” என்றார். “அதை எழுதேல்ல. அதுக்கு அந்தத் தாளில இடம் இல்லை.”

அடுத்த கூட்டத்துக்கு அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வரும்படி கேட்டிருக்கிறோம்.